பட்டாளத்தில் இருப்பவருக்காகக் கோர்ட்டில் யார் நிற்பது?

கேள்வி:

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தார். யூனிட் இப்போது காஷ்மீரில் இருக்கிறது. மாமா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. உயில் எதுவும் எழுதவில்லை. அவர் சொந்தமாகக் கிரயம் வாங்கிய 2 ஏக்கர் 40 சென்ட் புஞ்சையும் ஒரு வீடும் இருக்கின்றன. வீட்டுக்காரரின் அண்ணன், அத்தனையும் மாமா தனக்கே வாய்மொழியாகக் கொடுத்துவிட்டார் என்று கேஸ் போட்டிருக்கிறார். கோர்ட் ஆள் வந்தபோது, “அவர் ஊரில் இல்லை, அவர் பெயருக்கு வந்ததை நான் எப்படி வாங்குவது?” என்று திருப்பி அனுப்பிவிட்டேன். கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். நானும் அத்தையும் பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் முன்பு அண்ணன் தீர்ப்பு நகலைக் கொண்டுவந்து காட்டி, பட்டாவும் தன் பெயருக்கு மாறப்போகிறது என்கிறார். வீட்டுக்காரர் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத்தான் லீவில் வருவார். அதுவரை பொறுக்கலாமா?

என் அப்பாவும் பழைய பட்டாளத்துக்காரர்தான். 17 வருஷம் இருந்துவிட்டு 1994-இல் வந்தார். வரும்போது ரத்தக்கொதிப்பு, 30 சதவீதம் என்று மெடிக்கல் போர்டு எழுதியது. ஆனால் அது ராணுவ வேலையால் வந்தது இல்லை என்று ஊனமுற்றோர் பென்ஷனை மறுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை டிரங்குப் பெட்டியில் இன்னும் வைத்திருக்கிறார். இனி ஏதாவது செய்ய முடியுமா?

என் தங்கையின் கணவரும் ராணுவம்தான். ஒன்றரை வருஷமாக அவளுக்கும் குழந்தைக்கும் பணம் அனுப்பவில்லை. தம்பி சி.ஆர்.பி.எஃப்.பில் இருக்கிறான். அவனுக்கும் இதே சட்டங்கள்தானா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆடித்தபசு வரை பொறுக்க வேண்டாம். இந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள். உங்கள் கணவர் ஊருக்கு வராமலேயே, அவர் இடத்தில் நீங்கள் நின்று இந்த வழக்கை நடத்தலாம். அதற்குச் சட்டத்தில் தெளிவான இடம் இருக்கிறது. கோர்ட் விவகாரம் என்றால் ஆம்பளை வந்தால்தான் ஆகும் என்று எத்தனையோ பட்டாளத்துக் குடும்பங்கள் லீவு வரும்வரை காத்திருந்து, கையில் இருந்த கெடுவை விட்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது.

உங்களுக்கு எதிராக வந்திருப்பது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. எதிர்த்தரப்பு வராததால் வாதியின் பேச்சை மட்டும் கேட்டுச் சொன்ன தீர்ப்பு. அதை நீக்கக் கேட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 9, விதி 13-இன் கீழ் மனுப் போட வேண்டும். தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள் கெடு. சம்மன் முறைப்படி சார்வு ஆகவில்லை, அதாவது உரியவரிடம் சேர்க்கப்படவில்லை என்றால், தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள். உங்களுக்குத் தெரிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது என்றால், மிச்சம் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சம்மன் முறைப்படி சார்வு ஆனதா? இங்கேதான் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. பிரதிவாதி படைவீரர் என்றால், சம்மனை அவருடைய கமாண்டிங் ஆபீசருக்கு அனுப்பி, அவர் வழியாகவே சார்வு செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் ஆணை 5, விதி 28 சொல்கிறது. உங்கள் கணவர் ராணுவத்தில் இருப்பது அவருடைய அண்ணனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் கிராமத்து விலாசத்தை மட்டும் கொடுத்திருந்தால் அதுவே பெரிய குறை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். வீட்டில் இருக்கும் வயது வந்த பெண்ணிடம் கொடுத்தாலும் செல்லும், அவர் வாங்க மறுத்தார், விஷயம் அவர்களுக்குத் தெரியும் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதனால் நடந்ததை நடந்தபடி மனுவில் எழுதுங்கள். ‘யாரும் வரவே இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். கதவில் ஒட்டிய அறிக்கை கோர்ட் கட்டில் இருக்கும்.

இன்னொரு பழைய சட்டமும் துணைக்கு வருகிறது. 1925-ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம். போர்ச் சூழலிலோ, கடல் கடந்தோ, மத்திய அரசு அறிவிக்கை செய்த இடங்களிலோ பணியில் இருக்கும் வீரருக்கு எதிராகத் தீர்ப்பு வந்திருந்தால், நீதியை முன்னிட்டு அதை நீக்கக் கேட்க 10-ஆம் பிரிவு வழி தருகிறது. அப்படிப் பணியில் இருந்த காலத்தைக் காலவரம்புக் கணக்கிலிருந்து கழிக்க 11-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் கணவர் இருக்கும் இடம் அந்த அறிவிக்கைக்குள் வருகிறது என்று யூனிட்டில் சான்று வாங்கி மனுவோடு சேருங்கள். சான்று வர நாளாகலாம், ஆகவே அதை நம்பி 30 நாளைத் தாண்ட விடாதீர்கள்.

இனி, நீங்கள் அவருக்குப் பதிலாக நிற்பது எப்படி என்று பார்ப்போம். லீவு கிடைக்காத படைவீரர், தன் சார்பில் வழக்கை நடத்த யாரை வேண்டுமானாலும் அதிகாரப்படுத்தலாம் என்பது ஆணை 28, விதி 1. மனைவி, தாய், மாமனார், யாராகவும் இருக்கலாம். அதிகாரக் கடிதத்தில் இருக்க வேண்டியவை இவை: அவருடைய ராணுவ எண், ரேங்க், பெயர், யூனிட், வழக்கு எண், கோர்ட்டின் பெயர், வாதி பிரதிவாதி பெயர்கள், இந்த வழக்கை நடத்தவும் வக்கீல் வைக்கவும் உங்களுக்கு அதிகாரம் தருகிறேன் என்ற வாக்கியம். அதில் அவர் தன் கமாண்டிங் ஆபீசரின் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். கமாண்டிங் ஆபீசர் எதிர்க்கையெழுத்து இட வேண்டும். அந்த எதிர்க்கையெழுத்து இருந்தால், கடிதம் முறைப்படி எழுதப்பட்டது என்பதற்கும், அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்பதற்கும் அதுவே போதுமான அத்தாட்சி. இன்று இரவு போனில் பேசும்போது, நாளைக் காலை யூனிட் ஆபீசில் இதை எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். படத்தை உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பி, அசலை ஸ்பீடு போஸ்ட்டில் போடச் சொல்லுங்கள்.

அவர் ஆடியில் லீவில் வருவதையும் வீணாக்க வேண்டாம். ராணுவச் சட்டம் 1950, பிரிவு 32 இதற்கென்றே இருக்கிறது. வழக்குக்காக லீவு கொடுத்திருக்கிறோம், அல்லது லீவு கேட்டிருக்கிறார் என்று ராணுவ அதிகாரி தரும் சான்றிதழைக் கோர்ட்டில் கொடுத்து மனுச் செய்தால், முடிந்தவரை அந்த லீவுக்குள்ளேயே வழக்கை விசாரித்து முடிக்க ஏற்பாடு செய்ய வேண்டியது கோர்ட்டின் கடமை. திருவிழாவுக்கு வரும் லீவில் பாதி தாலுகா ஆபீஸ் வாசலிலும் கோர்ட் வராந்தாவிலும் கழிவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். வாய்தா வாங்கித் திரும்புவதற்குப் பதில் இந்தச் சான்றிதழை நீட்டுங்கள்.

வழக்கின் உள்விஷயத்திலும் நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுப்பதென்றால் பதிவு செய்த பத்திரம் வேண்டும். சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 123 அதைத்தான் சொல்கிறது. வாயால் கொடுத்தார் என்பது நிற்காது. குடும்ப ஏற்பாடு என்று அவர் வாதத்தை மாற்றிக்கொள்ளலாம். அப்படியானால் அதை நிரூபிக்க வேண்டியவரும் அவர்தான். மாமா சொந்தமாக வாங்கிய சொத்து, உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 8-இன்படி அத்தைக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சமபங்கு. மாமாவுக்குப் பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அதே பங்குதான். அத்தையும் பிரதிவாதி என்றால் அவரும் தனியே மனுப் போட வேண்டும். அவர் படைவீரர் அல்ல என்பதால் ராணுவச் சலுகைகள் அவருக்கு வராது.

கூடவே மூன்று வேலைகள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு விவரத்தோடு ஆட்சேபனை மனுக் கொடுங்கள், வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். பட்டா மாற்றத்துக்கு எழுத்து மூலம் ஆட்சேபனை கொடுங்கள். மாறிவிட்டால் சங்கரன்கோவில் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு மட்டுமே, அது மாறியதால் உங்கள் பங்கு போய்விடாது. மூன்றாவதாக, தீர்ப்பை நிறைவேற்றத் தடை கேட்டு இடைக்கால மனுவையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.

வக்கீல் செலவுக்கு என்ன செய்வது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலேயே அந்தக் கவலை தெரிகிறது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12-இன்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பம் கொடுக்கலாம், 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26 அன்று படைவீரர் குடும்பங்களுக்கென்றே ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’ என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையம் வைப்பது அதன் நோக்கம். மாவட்டத்து நல அலுவலகத்தில் இதைச் சொல்லியே கேளுங்கள்.

அப்பாவின் பென்ஷன்

டிரங்குப் பெட்டியில் இருக்கும் அந்தக் கடிதம் செல்லாக்காசு அல்ல. அதை எடுத்து நான்கு நகல் போட்டு வையுங்கள்.

ராணுவத்தில் ஆள் எடுக்கும்போது உச்சி முதல் உள்ளங்கால் வரை பரிசோதித்துத்தான் எடுக்கிறார்கள். அன்றைக்கு அந்த நோயைப் பற்றி ஒரு வரிகூடக் குறிக்காமல் சேர்த்துக்கொண்டு, 17 வருஷம் வேலை வாங்கிவிட்டு, போகும்போது ‘இது எங்களால் வந்ததல்ல’ என்று காரணமே சொல்லாமல் கை கழுவ முடியுமா? உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் முடியாது என்று சொன்னது. அவர் 1985-இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று 1994-இல் அனுப்பப்பட்டார். 20 சதவீத ஊனம், பணியால் வந்ததல்ல என்று எழுதி மறுத்திருந்தார்கள். சேரும்போது குறிப்பு எதுவும் இல்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையோடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு உடல் கெட்டிருந்தால் அது பணியால் என்றே அனுமானிக்க வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு நிர்வாகத்தைச் சேர்ந்தது, வீரரைச் சேர்ந்தது அல்ல. தீர்ப்பின் சாரம் இதுதான்.

அடுத்து, ராம் அவதார் வழக்கு, 2014 டிசம்பர். ஊன சதவீதத்தை மேலே உயர்த்திக் கணக்கிடும் முறை, உடல்நலக் காரணத்தால் இடையில் அனுப்பப்பட்டவருக்கு மட்டும் இல்லை, பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் உண்டு என்றது. ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 50-க்குக் கீழே என்றால் 50 என்று கொள்வார்கள். அப்பாவின் கோரிக்கை ஏற்கப்பட்டால் அவருடைய 30 சதவீதம் 50 ஆகும்.

இத்தனை வருஷம் கழித்துப் போனால் கேட்பார்களா? கேட்பார்கள். தர்செம் சிங் என்பவர் 1983-இல் உடல்நலக் காரணத்தால் அனுப்பப்பட்டு, 1999-இல்தான் நீதிமன்றம் போனார். மாதாமாதம் வர வேண்டிய பென்ஷன் மறுக்கப்படுவது மாதாமாதம் தொடரும் பிழை என்பதால் தாமதம் ஒன்றே கோரிக்கையைக் கொன்றுவிடாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பழைய பாக்கியைப் பொதுவாக, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் தருவார்கள். இதன் பொருள் என்ன? அப்பா இன்னும் ஒரு மாதம் யோசித்தால் ஒரு மாதப் பாக்கி போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். அவருடைய ரெக்கார்டு ஆபீசுக்கு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கு, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைப் படிவமும் கடைசி மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கையும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, மறுப்புக் கடிதம் மூன்றையும் சேர்த்து முதல் மேல்முறையீடு அனுப்புங்கள். பலன் இல்லை என்றால் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதம் கெடு. தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். தீர்ப்பாயம் கைவிட்டாலும் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும் வழி அடைபடவில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

வெற்றி நிச்சயம் என்று நான் வாக்குத் தர மாட்டேன். மெடிக்கல் போர்டு தகுந்த காரணம் எழுதியிருந்தால் நீதிமன்றம் அதை மதிக்கும். ‘பணியோடு தொடர்பில்லை’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்தியிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. அதற்குத்தான் முழு நடவடிக்கை நகலும் வேண்டும்.

தங்கையின் ஜீவனாம்சம்

ராணுவத்தில் இருப்பவரின் சம்பளத்தைச் சிவில் கோர்ட் ஜப்தி செய்யக் கூடாது என்று ராணுவச் சட்டம் பிரிவு 28 சொல்கிறது. கடன்காரர்களிடமிருந்து வீரரைக் காக்க வந்தது இந்த விதி. பெண்டாட்டி பிள்ளையைப் பட்டினி போட இதைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. மனைவி, குழந்தையின் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்து அனுப்பும் அதிகாரத்தை அதே சட்டம் ராணுவத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதிகாரிகளுக்குப் பிரிவு 90, மற்ற ரேங்க்குகளுக்குப் பிரிவு 91.

தங்கை, கணவரின் கமாண்டிங் ஆபீசருக்கு ஒரு மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். கல்யாணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, தன் பேங்க் பாஸ்புக் நகல், கடைசியாகப் பணம் வந்த தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். ராணுவம் விளக்கம் கேட்டு, மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்துச் சம்பளத்தில் 33 சதவீதம் வரை பிடித்துக் கொடுக்க உத்தரவிடலாம். அதோடு, அவள் குடியிருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 144-இல் ஜீவனாம்ச மனுவும் போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 125 தான் 2024 ஜூலை 1 முதல் இப்படி எண் மாறியிருக்கிறது. அவர் இருக்கும் வடநாட்டு ஊருக்கு இவள் அலைய வேண்டியதில்லை.

தம்பிக்கு

சி.ஆர்.பி.எஃப். உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் மத்திய ஆயுதக் காவல் படை. ராணுவச் சட்டமும், 1925-ஆம் ஆண்டுச் சட்டமும், ஆயுதப்படைத் தீர்ப்பாயமும் அவருக்கு இல்லை. பணி விவகாரம் என்றால் உயர் நீதிமன்றம். தென்காசி மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. சி.ஆர்.பி.எஃப்.பில் இருந்து ஓய்வு பெற்று, அரசு வேலை ஒதுக்கீட்டில் ‘முன்னாள் படைவீரர்’ என்று விண்ணப்பித்து, கடைசிக் கட்டத்தில் தள்ளுபடியாகித் திரும்புகிறவர்கள் உண்டு. உங்கள் தம்பியும் நாட்டுக்காகத்தான் நிற்கிறார், அதே குண்டுக்குத்தான் மார்பைக் காட்டுகிறார். சட்டம் இருவரையும் வெவ்வேறு பெட்டியில் வைத்திருப்பது அந்தக் குடும்பங்களின் நியாயமான மனக்குறை. ஆனால் இன்றைய சட்டம் எதுவோ அதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று

மாமா உயில் எழுதாததால்தான் இவ்வளவும். உங்கள் கணவர் அதே தவறைச் செய்ய வேண்டாம். போர்க்களத்தில் இருக்கும் வீரர், இரண்டு சாட்சி முன்னால் வாயால் சொன்னாலே உயிலாகும் என்று ராணுவத்தில் பேசிக்கொள்வார்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவுகள் 65, 66-இல் அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் இந்துக்களுக்கு அது பொருந்தாது. பக்கத்துப் பங்கரில் இருக்கும் கிறிஸ்தவ நண்பருக்குச் செல்லுபடியாகும் வாய்மொழி உயில், உங்கள் கணவருக்குச் செல்லாது. அவர் அதை எழுதிக் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகளும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, செய்தால் நல்லது.

குடும்ப பென்ஷனை உயிலால் யாருக்கும் எழுதி வைக்க முடியாது. அது இறந்தவரின் சொத்து அல்ல, விதிப்படி உரியவருக்கு நேராகச் சேர்வது என்று 1980-இல் ஜோத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அந்த உரியவர் நீங்கள்தான் என்று ராணுவ ஏடு சொல்ல வேண்டும். ஆதாரில் ‘எஸ். கோமதி’, ராணுவத்தின் குடும்ப விவர ஏடான கின்ட்ரெட் ரோலில் ‘கோமதியம்மாள்’, பேங்கில் கணவர் பெயரின் முதல் எழுத்தோடு வேறொன்று என்று இருந்தால், துக்க நேரத்தில் அந்த மூன்று பெயரும் ஒருத்திதான் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். கல்யாணமும் பிள்ளைகளின் பிறப்பும் ராணுவப் பதிவான பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கிறதா, எழுத்து சரியாக இருக்கிறதா, இன்சூரன்ஸ், பிராவிடண்ட் ஃபண்டு நாமினி யார் என்று இந்த லீவுக்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். இதைப் பேசுவது அபசகுனம் என்று நினைக்க வேண்டாம். பட்டாளத்தில் இருப்பவர்களே வருஷா வருஷம் செய்ய வேண்டிய சரிபார்ப்பு இது.

ஆக, வரிசை இப்படி இருக்கட்டும். நாளைக்கு அதிகாரக் கடிதத்துக்குப் போன், அதே நாளில் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு, இந்த வாரத்துக்குள் சட்ட உதவி விண்ணப்பம், அடுத்த வாரத்துக்குள் தீர்ப்பை நீக்கும் மனுவும் தடை மனுவும். அப்பாவின் தகவல் உரிமை மனு, தங்கையின் பதிவுத் தபால் இரண்டையும் ஒரே நடையில் தபால் ஆபீசில் சேர்த்துவிடலாம். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

இவை யாரும் இரக்கப்பட்டுத் தரும் சலுகைகள் இல்லை. ஊரை விட்டுப் போய்க் காவல் நிற்பவரின் சொத்தும் குடும்பமும், அவர் ஊரில் இல்லாத ஒரே காரணத்துக்காகப் பறிபோகக் கூடாது என்று நாடு எழுதிக் கொடுத்த உறுதி. அது தானாக வீடு தேடி வராது. மனுவாக எழுதி, கெடுவுக்குள் நீட்டிக் கேட்க வேண்டும். கேட்கும் தகுதி உங்களுக்கு முழுமையாக இருக்கிறது. தலை நிமிர்ந்து போய்க் கேளுங்கள்.